ஏசி நாலில் ஓடுகிறது, காற்றைத்தான் காணோம்: கேபின் ஃபில்டரை வீட்டிலேயே மாற்றலாமா?

மாற்றலாம். தாராளமாக மாற்றலாம். டயரில் காற்றடிப்பதை விட எளிது என்று சொன்னால் மிகையாகத் தெரியும், ஆனால் இரண்டாவது முறை செய்யும்போது நீங்களே அப்படித்தான் சொல்வீர்கள்.

உங்கள் கேள்வியை ஒருமுறை சுருக்கிக்கொள்கிறேன், இடையில் படிக்க வருகிறவர்களுக்கும் புரியும். வண்டி 2017 கிராண்ட் ஐ10, ஓடியது 62 ஆயிரம் கிலோமீட்டர், ஊர் மதுரை. ஏசியை நாலில் வைத்தாலும் சத்தம்தான் வருகிறது, காற்று முகத்துக்கு வந்து சேரவில்லை. போட்டவுடன் ஈரத் துணி வாடை. அம்மா ஏறி உட்கார்ந்தால் தும்மல். சர்வீஸில் கேட்டால் ஃபில்டர், ஏசி கிளீனிங் எல்லாம் சேர்த்து 2,800 ரூபாய் என்கிறார்கள். நாமே மாற்ற முடியுமா, மாற்றினால் இதெல்லாம் சரியாகுமா?

முதல் பாதிக்குப் பதில் மேலேயே சொல்லிவிட்டேன். "எல்லாம் சரியாகுமா" என்பதில்தான் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

வண்டியில் காற்று வடிகட்டி இரண்டு உண்டு. பானட்டைத் திறந்தால் எஞ்சின் பக்கத்தில் கறுப்புப் பெட்டிக்குள் இருப்பது எஞ்சினுக்கான ஏர் ஃபில்டர். நமக்குத் தேவையானது வண்டிக்குள், டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கிறது. கடையில் போய் "ஏர் ஃபில்டர் கொடுங்க" என்றால் எஞ்சினுக்கானதைத்தான் எடுத்துப் போடுவார்கள். "ஏசி ஃபில்டர்" என்று கேளுங்கள், இல்லை "கேபின் ஃபில்டர்" என்று கேளுங்கள். வண்டியின் பெயர், வருடம், பெட்ரோலா டீசலா எல்லாம் சொல்லிவிடுங்கள்.

காற்று எந்த வழியாக வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினையை நீங்களே கண்டுபிடித்துவிடலாம். முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் படுத்திருக்கும் இடத்தில், கறுப்பு பிளாஸ்டிக்கில் சல்லடை மாதிரி ஓட்டைகள் இருக்கும் அல்லவா, வெளிக்காற்று அதன் வழியாகத்தான் உள்ளே நுழைகிறது. அங்கிருந்து ஒரு கதவு. நீங்கள் வெளிக்காற்று, உள்காற்று என்று மாற்றும்போது அசைவது அந்தக் கதவுதான். அதற்கு அடுத்து நம் ஃபில்டர். அதற்குக் கீழே ப்ளோயர் மோட்டார். ப்ளோயர் காற்றை உறிஞ்சி கூலிங் காயில் மேல் தள்ளுகிறது, அங்கே குளிர்ந்து, பிறகு முகத்துக்கோ காலுக்கோ வருகிறது. "நான் எப்போதும் உள்காற்றில்தான் வைத்திருக்கிறேன், எனக்கு எப்படி ஃபில்டர் அழுக்காகும்" என்று நிறையப் பேர் கேட்பார்கள். ஃபில்டர் அந்தக் கதவுக்கு அப்புறம் இருப்பதால் இரண்டு காற்றும் அதன் வழியாகத்தான் போயாக வேண்டும். மிதியடியில் இருக்கும் மண், சீட்டுத் துணியின் பஞ்சு, தலைமுடி எல்லாம் உள்காற்றில் சுற்றி அங்கேதான் போய்ச் சேரும்.

இப்போது நீங்கள் சொன்ன அறிகுறியைப் பாருங்கள். சத்தம் இருக்கிறது, காற்று இல்லை. மோட்டார் சுற்றுகிறது, உறிஞ்சக் காற்று கிடைக்கவில்லை என்று அர்த்தம். பத்தில் எட்டுத் தடவை ஃபில்டர்தான்.

வாங்கும் கதை. வெள்ளையாக ஒன்று, சாம்பலோ கறுப்போ ஆக ஒன்று, இரண்டு வகை கிடைக்கும். வெள்ளை தூசியை மட்டும் பிடிக்கும். கறுப்பில் ஆக்டிவேட்டட் கார்பன், அதாவது பதப்படுத்திய கரி சேர்ந்திருக்கும், புகை நாற்றத்தையும் ஓரளவு பிடித்துக்கொள்ளும். வெள்ளை 250லிருந்து 400 ரூபாய்க்குள் முடியும், கரி போட்டது இருநூறு முன்னூறு கூட, கடைக்குக் கடை மாறும். கம்பெனி பாகமாகவே வாங்கலாம், பாஷ், மான், மாலே, வேலியோ மாதிரிப் பெயருள்ளவற்றிலும் வாங்கலாம். பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம் பஸ்ஸுக்குப் பின்னாலேயே ஊர்ந்து போகிறவருக்குக் கரி போட்டது பிரயோசனம். தும்மல்தான் பிரச்சினை என்றால் வெள்ளையே போதும், அதை நேரத்துக்கு மாற்றினால் போதும். விலை கூடிய ஃபில்டரை மூன்று வருடம் ஓட்டுவதை விட விலை குறைந்ததை வருடா வருடம் மாற்றுவது மேல் என்பது என் கட்சி. இன்னொன்று, ஆன்லைனில் வாங்கினால் நீள அகல உயரத்தைப் பழையதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அரை சென்டிமீட்டர் குறைந்தாலும் காற்று ஃபில்டருக்குள் போகாமல் ஓரமாக நழுவிப் போய்விடும், புது ஃபில்டர் பார்க்க அழகாக உட்கார்ந்திருக்கும், தூசி தன் பாட்டுக்கு வந்துகொண்டிருக்கும்.

சரி, வேலைக்கு வருவோம். எஞ்சினை அணைத்துச் சாவியை எடுத்துவிடுங்கள். இடது பக்க முன் சீட்டைப் பின்னால் தள்ளிவிட்டு, கீழே மிதியடி மேல் ஒரு செய்தித்தாளை விரியுங்கள். கிளவ் பாக்ஸைத் திறந்து உள்ளே இருப்பதையெல்லாம் வெளியே எடுங்கள். ஆர்சி, இன்ஷூரன்ஸ், போன வருடத்து டோல் ரசீது, காய்ந்துபோன விபூதிப் பொட்டலம், எல்லாவற்றையும்தான். இல்லையென்றால் பெட்டி கவிழும்போது அத்தனையும் செய்தித்தாள் மேல்தான் கொட்டும்.

பெட்டி திறந்த நிலையில், உள்பக்கம் இடதிலும் வலதிலும் பக்கச் சுவரில் ஆளுக்கொரு பிளாஸ்டிக் கட்டை தெரியும். பெட்டி முழுதாகக் கீழே விழாமல் பிடித்து நிறுத்துவது அவைதான். கொஞ்சம் திருப்பி அசைத்து இழுத்தால் கையோடு வந்துவிடும். சில வண்டிகளில் பெட்டியின் வெளிப்பக்கம் மெல்லிய கம்பியோ கயிறோ மாட்டியிருக்கும், பெட்டி டொம்மென்று விழாமல் மெதுவாக இறங்குவதற்கு. அதையும் கொக்கியிலிருந்து கழற்றிவிட வேண்டும். இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். நான் முதல் தடவை என் மைத்துனர் வண்டியில் செய்தபோது அந்தக் கயிற்றைப் பார்க்கவே இல்லை, பெட்டியை ஒரே இழுப்பு இழுத்தேன், கொக்கி படக்கென்று போய்விட்டது. அதற்கப்புறம் ஒரு மாதம் அவர் வீட்டில் யார் கிளவ் பாக்ஸைத் திறந்தாலும் முழங்காலில் இடித்தது, இடிக்கும்போதெல்லாம் என் பெயரும் சேர்ந்தே வந்தது.

கட்டைகளை எடுத்ததும் பெட்டி கீழே தொங்கும். மொபைல் டார்ச்சை அடித்து உள்ளே பார்த்தால் எதிரே ஒரு கறுப்பு பிளாஸ்டிக் கூடு, அதில் குறுக்கே நீளமாக, ஒரு கை அகலத்தில் ஒரு மூடி. அதன் வலது ஓரத்தில் ஒரு பூட்டு இருக்கும். அதை விரலால் அமுக்கிக்கொண்டே மூடியை உங்கள் பக்கம் இழுங்கள். மூடி வந்ததும் உள்ளே ஃபில்டரின் விளிம்பு தெரியும்.

இழுப்பதற்கு முன் நில்லுங்கள். ஒரு படம் எடுங்கள். விளிம்பில் என்ன எழுத்து இருக்கிறது, அம்புக்குறி எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். பிறகு கற்பூரத் தட்டை ஏந்துகிற மாதிரி, சாய்க்காமல், மட்டமாக வெளியே இழுங்கள். ஏனென்றால் அதன் மேல்பக்கம்தான் குப்பை முழுதும் கிடக்கும், சாய்த்தால் அது கீழே இருக்கும் ப்ளோயருக்குள் விழும். ஒரு காய்ந்த வேப்பங்குச்சி விழுந்தாலே போதும், அன்றிலிருந்து டர்ர்ர் என்று ஒரு சத்தம் கூடவே பயணம் செய்யும்.

வெளியே வந்ததைப் பார்த்தால் நம்ப மாட்டீர்கள். புங்க மரத்தடியில் நிறுத்துகிறவர் வண்டியில் நான் எடுத்தது: மடிப்புக்கு மடிப்பு புங்கம்பூ காய்ந்து பொடியாகிக் கிடந்தது, அதற்கு மேல் புழுதி, ஒரு தட்டானின் இறக்கை, இரண்டு பூச்சிக்கூடு. வெள்ளையாக இருந்த ஃபில்டர் அடுப்பங்கரைச் சுவர் நிறத்தில் இருந்தது. அதைத்தான் அவர் வீட்டில் எல்லாரும் மூக்கில் வாங்கிக்கொண்டிருந்தார்கள் என்று நினைக்க வேண்டாம், பிடிக்க வேண்டியதைப் பிடித்துத்தான் அது அந்த நிலைக்கு வந்தது. ஆனால் அதற்கு மேல் பிடிக்க இடமில்லை.

புதியதைப் போடும்போது எல்லாரும் தடுமாறுகிற இடம் அந்த அம்புக்குறி. இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள். சில ஃபில்டரில் "ஏர் ஃப்ளோ" என்று ஆங்கிலத்தில் எழுதி அம்பு போட்டிருக்கும், அது காற்று போகும் திசை. சிலவற்றில் "அப்" என்று எழுதி அம்பு போட்டிருக்கும், அது எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்பது. உங்கள் வண்டியில் காற்று மேலிருந்து கீழே இறங்குகிறது. ஆகவே ஏர் ஃப்ளோ அம்பு கீழே பார்க்க வேண்டும். அதே வண்டிக்கு இன்னொரு கம்பெனி "அப்" என்று போட்டுக் கொடுத்தால் அந்த அம்பு மேலே பார்க்க வேண்டும். இரண்டும் சரியாகத்தான் உட்கார்ந்திருக்கும், அம்பு மட்டும் எதிரெதிராகத் தெரியும். "பழையதில் மேலே இருந்தது, அதனால் புதியதிலும் மேலே வைத்தேன்" என்று போட்டுவிட்டுக் காற்று குறைகிறது, சத்தம் வருகிறது என்று புலம்புகிறவர்கள் இதில்தான் மாட்டியிருப்பார்கள். எழுத்தும் இல்லை, வெறும் அம்பு மட்டும்தான் என்றால் அது பெரும்பாலும் காற்றின் திசைதான். அம்பே இல்லையென்றால் பழைய ஃபில்டரில் அழுக்கு எந்தப் பக்கம் என்று பாருங்கள், காற்று அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்திருக்கிறது.

உள்ளே தள்ளும்போது முனை மடங்காமல் பாருங்கள், கடைசி இரண்டு சென்டிமீட்டர் கொஞ்சம் இறுக்கும், அதற்காகக் குத்தித் தள்ள வேண்டாம், இரண்டு கையாலும் சமமாக அழுத்தினால் போய் உட்காரும். மூடியைப் போட்டு "டிக்" என்று கேட்கிறதா பாருங்கள். பெட்டியைத் தூக்கி, கட்டைகளை மாட்டி, கயிறு இருந்தால் கயிறையும் மாட்டி, ஆர்சியை உள்ளே வைத்து மூடினால் முடிந்தது. முதல் தடவை இருபது நிமிடம், அடுத்த வருடம் ஐந்து.

புதியதைத் தள்ளுவதற்கு முன் ஒரு சின்னச் சோதனை செய்துகொள்ளலாம், இதை யாரும் சொல்வதில்லை. ஃபில்டர் இடம் காலியாக இருக்கும்போது, கூட்டுக்குள் குப்பை எதுவும் கிடக்கவில்லை என்று துடைத்துப் பார்த்துக்கொண்டு, சாவியைப் போட்டு ப்ளோயரை நாலில் ஒரு பத்து விநாடி ஓட்டுங்கள். காற்று முகத்தில் அறைகிற மாதிரி வந்தால் குற்றவாளி ஃபில்டர்தான், கேஸ் முடிந்தது. அப்போதும் மந்தமாகவே வந்தால் புது ஃபில்டர் போட்டும் பிரயோசனமில்லை. கூலிங் காயிலின் முகத்தில் அழுக்கு அப்பியிருக்கலாம், ப்ளோயர் சோர்ந்திருக்கலாம், உள்ளே ஏதாவது கதவு பாதியில் நிற்கலாம். காற்று நாலில் மட்டும் வருகிறது, ஒன்று இரண்டு மூன்றில் வரவே இல்லை என்றால் அது வேறு, ப்ளோயரின் வேகத்தைக் குறைத்துக் கொடுக்கும் ரெசிஸ்டர் என்கிற பாகம் போயிருக்கும். கிளம்பியதும் நன்றாக வந்து, ஒரு மணி நேரத்தில் குறைந்து குறைந்து நின்று, ஏசியைப் பத்து நிமிடம் அணைத்தால் மறுபடி வருகிறது என்றால் காயிலில் ஐஸ் பிடிக்கிறது. அடைத்த ஃபில்டரே அதற்குக் காரணமாக இருக்கலாம், காயில் மேல் போதுமான காற்று போகாவிட்டால் அங்கே ஈரம் உறைந்துவிடும். ஃபில்டர் மாற்றியும் அது நிற்கவில்லை என்றால் ஏசிக்குள் குளிரூட்டும் வாயுவின் அளவையும் சென்சாரையும் மெக்கானிக்தான் பார்க்க வேண்டும்.

இனி அந்த ஈரத் துணி வாடை. இதில் உங்களுக்கு ஏமாற்றம் தர வேண்டியிருக்கிறது. ஃபில்டரில் ஈரம் ஏறிப் பூஞ்சை பிடித்திருந்தால் மாற்றியதும் போய்விடும். ஆனால் ஏசி போட்ட முதல் நிமிடம் மட்டும் அடித்து, பிறகு அடங்குகிற வாடை பெரும்பாலும் காயிலில் இருந்து வருகிறது. காயில் எப்போதும் நனைந்தே இருக்கும், அணைத்துவிட்டு இறங்கிப் போனால் இருட்டில் ஈரத்தோடு கிடக்கும், பூஞ்சைக்கு அதைவிட நல்ல வீடு வேறென்ன வேண்டும். வீடு சேர இரண்டு மூன்று நிமிடம் இருக்கும்போதே ஏசி பட்டனை அணைத்துவிட்டு ப்ளோயரை மட்டும் ஓடவிடுங்கள், காயில் காய்ந்துவிடும். பத்து நாள் செய்து பாருங்கள், பாதி வாடை குறையும். குறையவில்லை என்றால் அப்போது காயில் கிளீனிங் செய்யலாம், அதுவும் நுரை மருந்து அடித்துக் கழுவுகிறார்களா, வாசனை ஸ்ப்ரே மட்டும் அடித்து அனுப்புகிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். கூடவே, ஏசி ஓடும்போது வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டுகிறதா கவனியுங்கள். சொட்டவே இல்லை, முன் மிதியடியும் ஈரமாக இருக்கிறது என்றால் தண்ணீர் போகும் குழாய் அடைத்திருக்கிறது.

பழைய ஃபில்டரைக் கழுவிக் காயவைத்துப் போடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். வேண்டாம். நார்களில் இருக்கும் மின்னூட்டம்தான் நுண்ணிய தூசியை இழுத்துப் பிடிக்கிறது, நனைத்தால் அது போய்விடும், நார் அமைப்பும் குலையும். பெட்ரோல் பங்க்கில் காற்றடித்துச் சுத்தம் செய்தால் அழுக்கு இன்னும் ஆழமாகப் போகும், இல்லையென்றால் கிழியும். புதியது வரும்வரை நாலு நாள் தள்ள வேண்டுமென்றால் மேல்பக்கத்தை மெதுவாகத் தட்டிக் குப்பையை உதறிவிட்டுப் போடுங்கள், அவ்வளவுதான்.

எலி. இதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். வயல் ஓரம், குப்பைத் தொட்டி ஓரம் நிறுத்துகிற வண்டிகளில் ஃபில்டர் ஒரு பஞ்சு மெத்தை, எலி கடித்துக் கூடு கட்டியதை இரண்டு வண்டிகளில் பார்த்துவிட்டேன். புழுக்கை தெரிந்தால் வெறும் கையால் தொடாதீர்கள், உதறாதீர்கள். கையுறையும் முகக்கவசமும் போட்டு, கிருமிநாசினி தெளித்து நனைத்துவிட்டுத் துடைத்து எடுங்கள். எலிக்காய்ச்சல் விளையாட்டு இல்லை.

எவ்வளவு நாளைக்கு ஒருமுறை என்றால், வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் போட்டிருப்பதை உச்ச வரம்பாக வைத்துக்கொள்ளுங்கள். என் வழக்கம் வருடத்துக்கு ஒன்று, இல்லையென்றால் பத்தாயிரத்திலிருந்து பதினைந்தாயிரம் கிலோமீட்டர், எது முந்துகிறதோ அது. நடுவில் ஆறு மாதத்தில் ஒருமுறை வெளியே எடுத்துப் பார்ப்பேன். வைப்பருக்குக் கீழே சேரும் இலைகளை வாரம் ஒருமுறை கையால் அள்ளிப் போட்டால் ஃபில்டர் இன்னும் நாள் தாங்கும், மழைத் தண்ணீரும் அங்கே தேங்காது.

வேறு வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. வலது பக்க ஸ்டீயரிங் வண்டிகளில் பெரும்பாலும் இதே இடம்தான், கிளவ் பாக்ஸுக்குப் பின்னால். கட்டை இல்லாத வண்டிகளில் பெட்டியின் இரண்டு பக்கச் சுவரையும் உள்நோக்கி அமுக்கினால் இறங்கும். போலோ மாதிரிச் சிலவற்றில் பெட்டியைத் தொடவே வேண்டாம், அதற்கு அடியில், கால் வைக்கும் இடத்திலிருந்து மேலே பார்த்தால் மூடி தெரியும். சில பழைய சின்ன வண்டிகளில் ஃபில்டருக்கு இடம் விட்டிருப்பார்கள், ஃபில்டர் போட்டே கொடுத்திருக்க மாட்டார்கள், ஆகவே திறந்து வெறுமையாக இருந்தால் திடுக்கிட வேண்டாம்.

அம்மாவின் தும்மலைப் பற்றி: தூசியும் மகரந்தமும் குறைவதால் வித்தியாசம் தெரிய வாய்ப்பு அதிகம், கூடவே மிதியடியை உதறி, சீட்டை வேக்யூம் செய்துவிடுங்கள். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள், எந்த ஃபில்டரும், கரி போட்டது உட்பட, எஞ்சின் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடைத் தடுக்காது. மூடிய ஷெட்டிலோ ஓரமாக நிறுத்தியோ ஏசியைப் போட்டுக்கொண்டு தூங்குவது உயிருக்கே ஆபத்து, ஃபில்டர் புதுசு என்ற தைரியம் அங்கே செல்லாது.

கடைசியாக, மாற்றுவதற்கு முன் ஒரு மார்க்கரால் புது ஃபில்டரின் விளிம்பில் தேதியையும் கிலோமீட்டரையும் எழுதிவிடுங்கள். ஒரு தடவை சர்வீஸ் முடிந்து பில்லில் "ஏசி ஃபில்டர் மாற்றப்பட்டது" என்று இருந்தது, வீட்டுக்கு வந்து திறந்தால் என் கையெழுத்திலேயே போன வருடத்துத் தேதி சிரித்தது. திரும்பப் போய்க் காட்டினேன், பேச்சு மூச்சில்லாமல் பணத்தைக் கொடுத்தார்கள். நீங்கள் மாற்றியும் காற்று வரவில்லை என்று சர்வீஸுக்குப் போக நேர்ந்தால் முதல் வாக்கியமே "ஃபில்டர் புதுசு, தேதி போட்டிருக்கேன், ப்ளோயரையும் காயிலையும் பாருங்க" என்று இருக்கட்டும்.